ஐந்து மணிக்கு மூடும் மலை

1597-இல் நிக்கோலஸ் பிமெண்டா என்ற யேசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம். அவர் எழுதி அனுப்பிய கடிதத்தில் ஒரு ஒப்பீடு இருக்கிறது: இந்தியாவில் தாங்கள் பார்த்த நகரங்களிலேயே இதுதான் பெரியது, போர்ச்சுகலை எடுத்துக்கொண்டால் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய நகரம் அங்கே கிடையாது. நகரத்தின் நடுவே இன்னொரு நகரம் போல ஒரு கோட்டை, அதைச் சுற்றி நீர் நிறைந்த அகழி, அதற்கும் நடுவில் கொத்தளங்களாக ஆக்கப்பட்ட ஒரு பெரும்பாறை என்று அந்த வர்ணனை போகிறது.

லிஸ்பனுக்கு அடுத்த நகரம்! இதைப் படித்துவிட்டு ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறவர்களுக்கு முதலில் வருவது ஏமாற்றம்தான். சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறி நின்று பார்த்தால் கீழே வயல், பனைமரம், ஏரி, பாறைகளை யாரோ கூடையில் அள்ளிக் கொட்டிவைத்தது மாதிரியான குன்றுகள். கல்யாண மகால் பொம்மை வீடு போலத் தெரிகிறது. வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி (சந்திராயன் துர்க்கம் என்றும் சொல்வார்கள்), மூன்று மலைகளையும் கோர்த்துக்கொண்டு ஓடும் சுமார் 13 கிலோமீட்டர் மதில். இவற்றுக்கு நடுவில் திருவண்ணாமலை ரோட்டில் பஸ்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. இன்றைய செஞ்சி ஊர் கிழக்கே தள்ளி இருக்கிறது. பிமெண்டா பார்த்த நகரம் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த நகரம் உயிரோடு இருந்தபோது கேமரா பிறக்கவில்லை. கேமரா இந்தப் பக்கம் வந்தபோது நகரம் இல்லை. நாயக்கர் காலத்துச் செஞ்சியை உயரத்திலிருந்து அந்தி வெளிச்சத்தில் ஒரே சட்டகத்தில் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது, இந்த மாவட்டத்தில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற எல்லோருக்கும் ஒரு தடவையாவது வந்துபோகும் ஏக்கம். அந்தப் படம் கிடைக்காது, சரி. ஆனால் இன்றைக்கு மிச்சமிருக்கும் செஞ்சியையாவது அந்தியில் ராஜகிரி உச்சியிலிருந்து எடுக்க முடியுமா என்றால், அதுவும் முடியாது.

காரணம் எளிமையானது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் கோட்டை மாலை 5 மணிக்கு மூடிவிடும். மேலே ஏறுகிறவர்களை மூன்று மணி வாக்கிலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் போனால் "இனிமே மேல விட மாட்டோம், நாளைக்கு காலைல வாங்க" என்ற பதில்தான். இந்த அட்சரேகையில் சூரியன் வருஷத்திலேயே சீக்கிரமாக மறைவது நவம்பர் மாதத்தில், 5.40 வாக்கில். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வாக்கு வரை போகும். அப்படியானால் வருஷத்தின் 365 நாளிலும், சூரியன் மறையும்போது ராஜகிரி உச்சியில் பார்வையாளர் ஒருவர்கூட இருக்க முடியாது. அந்தி என்பது அங்கே சட்டப்படி இல்லாத பொழுது.

விதியைக் குறை சொல்வதற்கில்லை. படிகள் செங்குத்து, விளக்கு கிடையாது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ளதாகச் சொல்லப்படும் ஒரு பிளவு, அதன் மேல் ஒரு பாலம். இருட்டில் இறங்கினால் எலும்பு தேறாது. ஆனால் அந்தப் பிளவும் பாலமும் எதற்காக என்று யோசித்தால் விஷயம் இன்றைய டிக்கெட் கவுண்டரைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போகிறது. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை ஒரு படையாலும் நெருங்க முடியாது. மேலே அரங்கநாதர் கோயில், கருவூலம், மணிக்கூண்டு, பீரங்கி. மேலேயிருந்து பார்ப்பது சிலருக்கு, மேலேயிருந்து பார்க்கப்படுவது பலருக்கு என்று ஏற்பாடு செய்வதற்காகவே அந்த மலை கோட்டையானது. உயரத்திலிருந்து முழு ஊரையும் ஒரே பார்வையில் அள்ளுவது, இன்றைக்கு நாம் பனோரமா என்று செல்போனில் சாதாரணமாகச் செய்கிற காரியம், வரலாற்றில் எப்போதும் யாரோ ஒருவரின் தனிச்சலுகையாகவே இருந்திருக்கிறது.

*

பனோரமா என்ற சொல்லுக்கே வயது 230-ஐ ஒட்டித்தான். எடின்பரோவில் இருந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். கால்டன் குன்றின் மேல் நின்று சுற்றிலும் தெரியும் நகரத்தை வளைந்த திரையில் வரைந்து, பார்ப்பவரை நடுவில் நிறுத்திவிடுவது. கிரேக்கத்தில் "எல்லாம்" "காட்சி" என்ற இரண்டு சொற்களை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார்கள். லண்டனில் இதற்கென்றே வட்டக் கட்டடம் கட்டப்பட்டு, மக்கள் காசு கொடுத்துப் போய் நின்றார்கள். இருந்த இடத்திலேயே இன்னொரு ஊரின் உச்சியில் நிற்கிற அனுபவம். அந்தக் காலத்து வி.ஆர். என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை நம் பக்கத்து ஊர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற 22, 23 வயது இளைஞர் அந்தப் போரை 120 அடி நீளத்துக்கு வரைந்து லண்டன் லைசியத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார். அதுவரை இந்தியப் பக்கமே வராதவர் அவர். ஆறே வாரத்தில் வரைந்ததாகச் சொல்வார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பார்க்காத ஊரை, பார்க்காத போரை, உயரமான ஒரு கற்பனை இடத்திலிருந்து ஜெயித்தவன் கண்ணால் பார்க்கிற படம். பனோரமாவின் பிறவிக் குணம் இதில் கொஞ்சம் தெரிகிறது.

செஞ்சிக்கும் இப்படி ஒரு பார்வை கிடைத்த காலை உண்டு. 1750 செப்டம்பர் 11 இரவு புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கோட்டையைத் தாக்கி விடிவதற்குள் பிடித்துவிட்டது. எட்டு வருஷம் முற்றுகையிட்டு ஜுல்பிகர் கான் 1698-இல்தான் பிடிக்க முடிந்த கோட்டை, ஒரே ராத்திரியில். வெளிச்சம் வந்ததும் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள், இதையா நாம் பிடித்தோம் என்று தாங்களே திகைத்துப்போனதாக ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். இருட்டில் ஏறியதால்தான் ஏற முடிந்தது. பகலில் முழுக் காட்சியும் தெரிந்திருந்தால் ஒருவேளை ஏறியிருக்கவே மாட்டார்கள். எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது இதுதான்: அந்தக் காலைக் காட்சியை எல்லாரும் திகைப்போடு பார்த்தார்கள், ஒருத்தரும் வரைந்துவைக்கவில்லை.

போர்வீரனுக்கு அடுத்து மேலே ஏறியவன் அளவையாளன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, தென்னிந்தியாவில் உயரமாக எது தெரிந்தாலும் அதன் மேல் தியோடலைட்டை ஏற்றியது. மலை இருந்தால் மலை, இல்லாவிட்டால் கோபுரம். தஞ்சைச் சமவெளியில் குன்றே கிடையாது, எங்கே திரும்பினாலும் தென்னையும் பனையும் மறைக்கும். 1808-இல் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கருவியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்தை விட்டு வெளியே வராமல் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். விமானம் பிழைத்ததே என்று நாம் நினைக்கிறோம். அவர் வட்டத்தகடு வளைந்துவிட்டதே என்று நினைத்திருப்பார். அந்த உயரத்தில் நின்று அவர் பார்த்தது ஊரை அல்ல, அடுத்த உயரத்தை. இரண்டு உச்சிகளுக்கு நடுவே குடியிருந்தவர்கள் கணக்கில் வரவில்லை.

*

கேமரா வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். கொஞ்சம் மாறியது.

கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அடிக்கு மேல் அகலம். நம் கோயில்களின், கோட்டைகளின் தொடக்க காலப் படங்களில் மிகச் சிறந்தவை அவருடையவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1858-இல் வெளிவந்த அவருடைய ஆல்பங்களின் ஊர்ப் பட்டியலில் செஞ்சி இல்லை.

ஆனால் தஞ்சையில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் சுற்றிலும் ஓடும் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். பார்க்கர் நடுவில் நின்று வெளியே சுற்றிப் பார்த்தார் என்றால், ட்ரைப் வெளியே நின்றுகொண்டு நடுவில் இருப்பதைச் சுற்றி வந்தார். உயரம் தேவைப்படாத பனோரமா. யார் எவ்வளவு பொன் கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு நெல் என்று ராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்ட எழுத்துகள் அந்தச் சுருளில் வரிசையாக ஓடுகின்றன. லாம்டன் கருவி ஏற்றிய அதே விமானம், ஐம்பது வருஷம் கழித்து. ஒருவர் உச்சிக்குப் போனார், இன்னொருவர் அடியைச் சுற்றினார்.

ட்ரைப் படங்களில் இன்னொரு விஷயம் உண்டு. பலவற்றில் வானம் கையால் திருத்தப்பட்டது. அக்காலத்து ரசாயனம் நீல ஒளியை மட்டுமே நன்றாகப் பிடிக்கும். அதனால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அவர் நெகட்டிவின் பின்புறம் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். நாம் இப்போது போட்டோஷாப்பில் வானத்தை மாற்றுகிறவர்களைக் கிண்டல் செய்கிறோம் இல்லையா, அந்தப் பரம்பரைக்கு மூத்தவர் கேப்டன் ட்ரைப்தான்.

நீலம் மட்டும் பிடிக்கும் ரசாயனத்துக்கு அந்திச் சிவப்பு என்பது இருட்டு. சிவப்பும் ஆரஞ்சும் அதன் கண்ணில் படவே படாது. போதாக்குறைக்கு நல்ல வெயிலிலேயே நிமிஷக்கணக்கில் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சை, மஞ்சள் வரைக்கும் பார்க்கத் தொடங்கும் என்று கண்டுபிடித்தார். சிவப்பையும் பிடிக்கும் தகடுகள் கடைக்கு வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நமக்குக் கிடைக்கிற ஊர்ப்படங்கள் எல்லாமே பகல் ஊர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில், மாடு திரும்புகிற நேரத்தில், அடுப்புப் புகை ஓலைக் கூரைகளுக்கு மேலே படலமாக நிற்கிற நேரத்தில் நம் ஊர்கள் எப்படித் தெரிந்தன என்பதற்குப் படச்சாட்சியே கிடையாது. பல படங்களில் ஆட்களும் கிடையாது; நகர்கிறவர்களை அந்த நீண்ட எக்ஸ்போஷர் துடைத்துவிடும்.

ட்ரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது வீண் செலவு என்று கருதி நிறுத்தச் சொல்லிவிட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலியாக இருந்த நேரம் அது.

அதே 1858-இல் டெல்லியில் ஃபெலிஸ் பியாட்டோ ஜும்மா மசூதியின் உயரத்திலிருந்து நகரத்தை வரிசையாக எடுத்து ஒட்டினார். கிளர்ச்சியை நசுக்கி முடித்த கையோடு எடுத்த படம். அதை ஒட்டிய காலத்தில் செங்கோட்டைக்கும் மசூதிக்கும் நடுவில் இருந்த தெருக்களையும் வீடுகளையும் ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், பீரங்கிக்குத் தடையில்லாத வெளி வேண்டுமென்று. ஆக்கிரமித்தவர்களுக்காக எடுத்த படமே, காணாமல் போன டெல்லிக்குக் கடைசி ஆவணங்களில் ஒன்றானது. வரலாற்றில் இப்படி நடப்பதுண்டு. செஞ்சிக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை.

*

இருப்பதை வைத்து அந்தப் படத்தை மனதில் கட்டிப்பார்க்கலாம். ராஜகிரி உச்சி, நாயக்கர் காலம், மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். கல்யாண மகாலின் கூம்புக் கூரை இப்போதும் நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாம். களஞ்சியங்கள், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில் கோபுரம், அவையும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோயிலின் தூண்களைத் திரும்ப நட்டாக வேண்டும். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போன தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ. சதத்துல்லா கான் பள்ளிவாசலை அழித்துவிட வேண்டும். அது 1717-18-இல், தேசிங்கு செத்த பிறகு வந்தது.

இதெல்லாம் கல். கல்லைச் சேர்ப்பதும் கழிப்பதும் சுலபம். கஷ்டம் மற்றதில். லிஸ்பனுக்கு அடுத்தது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் பல்லாயிரம் பேர் குடியிருந்திருக்க வேண்டும். மண் சுவர், ஓலைக் கூரை, மரத்தூண், சந்தை, தறி, தொழுவம். அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. போரில் எரிந்தது பாதி, மழையில் கரைந்தது மீதி, கடைசியில் உழுது பயிர் வைத்துவிட்டார்கள். படத்தில் அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? ட்ரைப் வானத்தை வரைந்தது மாதிரி நாமும் தரையை வரைய வேண்டியதுதான்.

2025 ஜூலை 11-இல் பாரிஸில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்ல சேதி. ஆனால் சேர்த்த தலைப்பைப் பாருங்கள்: "இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்". பன்னிரண்டு கோட்டைகள், பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் இங்கே. சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-இல். ராஜாராம் இங்கிருந்து தப்பிப் போய்க் கோட்டை முகலாயர் கைக்கு வந்தது 1698-இல். இருபத்தொரு வருஷம். அந்த 21 வருஷம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மராட்டிய அரசே இங்கே ஒளிந்து உயிர் பிழைத்த காலம் அது, மதில்களைப் பலப்படுத்தியதில் அவர்கள் பங்கு பெரிது. ஆனால் கோன்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள், பிஜப்பூர், முகலாயர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் ஏறி இறங்கிய மலைக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டும்போது, மாட்டுகிறவர் நிற்கும் கோணமும் சேர்ந்தே மாட்டப்படுகிறது. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய செஞ்சி வரலாற்றின் தலைப்பே செஞ்சியும் அதன் ஆட்சியாளர்களும் என்றுதான் இருக்கும். மேலே இருந்தவர்களின் வரிசை. "ராணுவ நிலப்பரப்பு" என்பதும் அதே உச்சியிலிருந்து எடுத்த படம்தான். பிமெண்டா பார்த்து வியந்தது மலையை மட்டும் அல்ல, ஊரை. ஊர் இந்தத் தலைப்பிலும் இல்லை.

கீழே இருந்தவர்கள் அதே கோட்டையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, தேசிங்கு ராஜன் கதை. 22 வயதில், 1714 அக்டோபரில் நவாபின் பெரும்படையோடு மோதி இறந்த ஒரு ராஜபுத்திரப் பையனை, பேர் தேஜ் சிங்கிலிருந்து தேசிங்காக மாறும் அளவுக்கு நம்மவர்கள் பாடியே சொந்தமாக்கிக்கொண்டார்கள். அவன் ஆண்டது பத்து மாதம். குதிரையும் நண்பன் மகபத்கானும் இல்லாமல் கதை நகராது. அந்தக் கதைக்காரர்கள் கோட்டை உச்சியில் ஏறிப் பார்த்துப் பாடவில்லை. சமவெளியில் நின்று, குதிரை போகிற புழுதியைப் பார்த்துப் பாடினார்கள்.

*

அந்தியில் செஞ்சியை எடுக்க விரும்புகிறவர்களுக்கும் அதே சமவெளிதான் கதி. அது ஒன்றும் மோசமில்லை. மலைகளுக்குக் கிழக்கே, ஊர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் ராஜகிரிப் பக்கமாக இறங்கும். ஐந்து மணிக்கு மேல் மலையின் நிழல் வயல்களைக் கடந்து ஊரை நோக்கி நீள ஆரம்பிக்கும். அப்புறம் மூன்று மலைகளும் கறுத்து ஒரே கோடாகும். பெரிய நகரங்களில் கட்டடங்கள் வரைகிற வான்விளிம்பை இங்கே பாறைகள் வரைகின்றன. ஏரியில் தண்ணீர் இருக்கிற வருஷமாக இருந்தால் கரையில் நின்று கோட்டை இரண்டாக்கிக்கொள்ளலாம்.

சூரியன் மறைந்து ஒரு பதினைந்து இருபது நிமிஷம் கழித்து வானம் கரும்நீலமாகும். வானத்தின் வெளிச்சமும் தெருவிளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாகிற பொழுது அது. கால்மணி நேரம்கூட நிற்காது. ட்ரைபாடை மட்டம் பார்த்து நிறுத்தி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் கையால் பூட்டிவிட்டு, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு மூன்றில் ஒரு பங்காவது ஒட்டுகிற மாதிரி இடமிருந்து வலமாக மளமளவென்று எடுக்க வேண்டும். தயங்கினால் முதல் படத்தின் வானமும் கடைசிப் படத்தின் வானமும் வேறுவேறு நிறமாகிவிடும். மேற்கு வானம் கிழக்கைவிடப் பல மடங்கு பிரகாசம் என்பதால், சுற்றி 360 டிகிரியும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரே எக்ஸ்போஷரில் நடக்காது. ஓடுகிற பஸ் இரண்டு படத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பாதி பஸ் திருவண்ணாமலைக்கும் பாதி பஸ் திண்டிவனத்துக்கும் போகும். ஒட்டும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது.

ட்ரோனை நினைக்கவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் அதற்கு முன் அனுமதி வேண்டும், ட்ரைபாடுக்கே வேண்டும். ஆனால் ஒன்று கேட்கலாம். இதே தொல்லியல் துறை தாஜ்மகாலைப் பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் ஐந்து இரவுகள் திறந்துவிடுகிறது, சீட்டுக்கு எண்ணிக்கை வைத்து. ராஜகிரி உச்சி வேண்டாம், அது ஆபத்து என்றே ஒப்புக்கொள்கிறேன். அடிவாரத்தில் கல்யாண மகால் முற்றத்தையாவது மாதத்தில் ஒரு சாயங்காலம், நிலா எழுகிற வரைக்கும் திறந்துவைக்கலாம். முப்பது பேர், கூட இரண்டு காவலர். உலகப் பாரம்பரியம் என்றால் உலகத்துக்கு அந்தியும் உண்டு அல்லவா.

உயரம், அந்தி இரண்டையும் சேர்த்தால் இந்தப் பக்கத்து மக்களுக்கு உடனே ஞாபகம் வருவது வேறொரு மலை. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர அண்ணாமலை மேல் கொப்பரையில் தீ ஏறும். அவலூர்பேட்டைப் பக்கம் மொட்டை மாடியிலும் களத்துமேட்டிலும் ஜனங்கள் ஆறு மணிக்கு முன்பே மேற்கே பார்த்து நின்றிருப்பார்கள். பொட்டு மாதிரி தெரிந்ததும் வாசலில் அகல் ஏற்றுவார்கள். இதைப் பனோரமாவின் தலைகீழ் என்று சொல்லலாம்: மேலே ஒரு புள்ளி, அதைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் ஒரே நேரத்தில் அதை நோக்கித் திரும்புகின்றன. அண்ணாமலை உச்சியிலிருந்து அந்த நேரத்தில் கீழே பார்த்தால் ஊர் ஊராக விளக்கு பற்றுவது தெரியும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலை சரிந்து ஏழு பேர் இறந்த பிறகு, அந்த வருஷத் தீபத்துக்குப் பக்தர்களை மேலே விடவில்லை. கீழே நின்று பார்த்தவர்களுக்கு எதுவும் குறையவில்லை.

நிலா வேண்டும் என்று பௌர்ணமிக்குக் காத்திருக்கும் படக்காரர்கள், அதே மாதம் இன்னொரு நாளையும் குறித்துவைக்கலாம். செஞ்சிக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் மேல்மலையனூர். மற்ற நாளில் பார்த்தால் சாதாரண ஊர்: பூக்கடை, எலுமிச்சை மாலை, டீக்கடை, அங்காளம்மன் கோயில், பரம்பரையாகப் பூசை செய்யும் மீனவர் குலப் பூசாரிகள். அமாவாசை அன்று மத்தியானத்திலிருந்தே நிலைமை மாறும். சென்னையிலிருந்து, வேலூரிலிருந்து, புதுச்சேரியிலிருந்து சிறப்பு பஸ்கள் வந்து வயல்வெளியில் வரிசையாக நிற்கும். இருட்டுக்கட்டும்போது வளத்திப் பக்கத்து ரோட்டில் முகப்பு விளக்குகள் விட்டுவிட்டு ஒரு சரமாக வரும். ராத்திரி பதினொன்றை ஒட்டி அம்மன் ஊஞ்சல் மண்டபத்துக்கு வரும்போது தரையில் இடம் இருக்காது. ஆயிரக்கணக்கான கைகளில் கற்பூரம் எரியும்.

மறுநாள் நாளிதழ்களின் விழுப்புரம் பதிப்பில் பெரும்பாலும் இரண்டு படம் வரும். ஒன்று ஊஞ்சலில் அம்மன். இன்னொன்று கொஞ்சம் உயரத்தில் நின்று எடுத்த கூட்டம், சட்டகத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தலைகளும் தீயும். மேலே நிலா இல்லாத வெறும் கறுப்பு. கல்லில் ஒன்றும் கட்டாத, மாதத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் உண்டாகிற நகரம் அது. விடியற்காலை முதல் பஸ் கிளம்பும்போது வாசலில் கற்பூரக் கரியைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள்.